ஆறு டாக்டர், ஒரே முடிவு: மும்பையில் அத்தைக்கு நடந்த மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை

பதினோரு மாதமாக ஒரே மருத்துவமனைக்குப் போய் வந்துகொண்டிருக்கிறேன். எனக்கு இல்லை, என் மாமியாருக்கு. நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். 61 வயது, சர்க்கரை உண்டு, சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், தாராவிக்கு வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இடது மார்பில் புற்றுநோய். யாராவது "அந்த ஆஸ்பத்திரி எப்படி?" என்று கேட்டால் ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை, அதனால் விவரமாகவே எழுதுகிறேன். குறைகளையும் சொல்லப்போவதால் பெயர் போடவில்லை. மும்பைக்குள்ளேயே இருக்கும், ஒரு டிரஸ்ட் நடத்தும் பெரிய மருத்துவமனை, அவ்வளவு போதும். எந்த மருத்துவமனைக்குப் போனாலும் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்தால் சரி.

முதலில் போனது இங்கே இல்லை. கட்டி இருப்பதை அத்தையே குளிக்கும்போது கண்டுபிடித்து, இரண்டு மாதம் யாரிடமும் சொல்லாமல் இருந்து, பொங்கல் முடிந்த பிறகுதான் என்னிடம் சொன்னார். வலி இல்லையாம், அதனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லையாம். நான் பக்கத்தில் ஒரு சின்ன நர்சிங் ஹோமுக்குக் கூட்டிப்போனேன். சோனோகிராஃபி எடுத்தார்கள், சர்ஜன் கையால் அழுத்திப் பார்த்தார், "கேன்சர் மாதிரிதான் தெரிகிறது, நாளைக் காலையில் அட்மிட் ஆகிவிடுங்கள், மார்பை முழுதாக எடுத்துவிடலாம்" என்றார். அவ்வளவுதான். கட்டியிலிருந்து துளி சதை எடுத்துச் சோதிக்கிற பயாப்சி இல்லை, மார்பை எக்ஸ்ரே எடுக்கிற மேமோகிராம் இல்லை, வேறு ஒரு டாக்டரின் பெயர்கூட அவர் வாயில் வரவில்லை. அட்வான்ஸ் எவ்வளவு என்று சீட்டில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டார்கள். பயத்தில் நாங்களும் சரி என்றுதான் சொல்லிவிட்டு வந்தோம், உண்மையைச் சொல்ல வேண்டும். அன்று ராத்திரி பக்கத்து வீட்டு அக்கா, பல வருஷம் ஆஸ்பத்திரியில் ஆயாவாக வேலை பார்த்தவர், "பயாப்சி பார்க்காமல் கத்தி வைக்க விடாதீங்க, ஒருநாள் பொறுத்தா ஒண்ணும் ஆயிடாது" என்று ஒரே பிடியாக நின்றார். அவருக்கு நான் காலத்துக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

எங்கள் கல்லியில் எல்லோரும் சொன்னது டாடாவுக்குப் போகச் சொல்லித்தான். பரேலில் 1941ல் திறந்த டாடா மெமோரியல், 1962லிருந்து அணுசக்தித் துறையின் கீழ் இருக்கிறது, நாடு முழுவதிலிருந்தும் புற்றுநோய்க்கு ஆட்கள் வருகிற இடம், அங்கே ஒவ்வொரு வகைப் புற்றுநோய்க்கும் தனித்தனியாக டாக்டர் குழு உண்டு. ஆனால் என் வீட்டுக்காரரின் கம்பெனி இன்சூரன்ஸ் பணம் கட்டாமல் செல்லுபடியாகிற பட்டியலில் இந்த டிரஸ்ட் மருத்துவமனை இருந்தது, இங்கேயும் மார்பகத்துக்கென்று தனிக்குழு இருப்பதாகச் சொன்னார்கள், வந்தோம்.

முதல் நாளே வித்தியாசம் தெரிந்தது. காலை ஒன்பது மணிக்குப் போனோம். பெண் சர்ஜன் பார்த்தார், அதே மாடியில் மேமோகிராம், அதே மாடியில் சோனோகிராஃபி, மத்தியானத்துக்குள் ஊசி பயாப்சியும் முடிந்துவிட்டது. பயாப்சி எடுத்த டாக்டர் அந்தக் கருவியை முதலில் காற்றில் ஒரு தடவை அழுத்திச் சத்தத்தைக் கேட்க வைத்து, "இந்தச் சத்தம்தான் வரும், திடுக்கிட வேண்டாம்" என்று இந்தியில் சொல்லிவிட்டு அப்புறம்தான் எடுத்தார். சின்ன விஷயம்தான், ஆனால் அத்தை வீட்டுக்கு வந்து எல்லோரிடமும் சொன்னது இதைத்தான்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்த மருத்துவமனையில் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் மத்தியானம் இரண்டு மணிக்கு மார்பகக் குழு கூடுகிறது. டியூமர் போர்டு என்று பெயர். ஆபரேஷன் செய்கிற சர்ஜன், கீமோ கொடுக்கிற டாக்டர், கரண்ட் வைக்கிற கதிரியக்க டாக்டர், ஸ்கேன் படிக்கிற ரேடியாலஜிஸ்ட், சதையை மைக்ராஸ்கோப்பில் பார்க்கிற பேத்தாலஜிஸ்ட், பிளாஸ்டிக் சர்ஜன் என்று ஆறு டாக்டர், அவர்களோடு குழுவின் நர்ஸ், எல்லோரும் ஒரே அறையில். ஒவ்வொரு நோயாளியின் படத்தையும் திரையில் போட்டு, யார் முதலில், எது எப்போது என்று பேசி முடிவு செய்கிறார்கள். கூட்டத்துக்குள் நம்மை விடமாட்டார்கள். ஆனால் யாரோ கதவைத் திறந்து போகும்போது ஒரு நிமிஷம் நான் பார்த்தேன்: திரையில் கறுப்பு வெள்ளையில் ஒரு மார்பு, நடுவில் நட்சத்திரம் மாதிரி கிளைவிட்ட ஒரு வெள்ளை, மூலையில் அத்தையின் பெயர். எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படியே நின்றுவிட்டேன்.

முதல் செவ்வாய்க்கிழமை முடிவு எதுவும் எடுக்கவில்லை. காரணம் இதுதான். மார்பகப் புற்றுநோய் என்பது ஒரே நோய் இல்லை, புற்றுச் செல்லில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஈஆர், பிஆர் (இரண்டும் ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்2 (ஒரு புரதம்) என்று மூன்று சோதனை செய்கிறார்கள், அதைப் பொறுத்து மருந்தே மாறும். அத்தைக்கு ஈஆரும் பிஆரும் நெகட்டிவ், ஹெர்2 மட்டும் 2+ என்று வந்தது. 2+ என்றால் உண்டென்றும் சொல்ல முடியாது, இல்லையென்றும் சொல்ல முடியாது, இரண்டுங்கெட்டான். பேத்தாலஜிஸ்ட் "ஃபிஷ் சோதனை வராமல் இதில் முடிவெடுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டாராம். ஹெர்2 மரபணு செல்லில் அதிகமாக இருக்கிறதா என்று பார்க்கிற சோதனை அது. இன்னும் ஒரு வாரமா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அடுத்த வாரம் ஃபிஷ் பாசிட்டிவ் என்று வந்தது. அப்படியென்றால் டிராஸ்டுசுமாப் என்கிற குறிவைத்த மருந்து அத்தைக்கு வேலை செய்யும், அதைக் கீமோவோடு சேர்த்து ஆபரேஷனுக்கு முன்னாலேயே கொடுத்தால் கட்டி சுருங்கும், அக்குளில் நோய் பரவியிருந்த நிணநீர்க் கணுவும் அடங்கும், மார்பை முழுதாக எடுக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போகலாம். நர்சிங் ஹோமில் "நாளைக் காலையில்" என்று சொன்னதை நினைத்துப் பாருங்கள். இந்த வழி எதுவுமே யோசிக்கப்படாமல் போயிருக்கும்.

அந்த இரண்டாவது செவ்வாய்க்கிழமை கூட்டம் முடிந்ததும் எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். சர்ஜன், கீமோ டாக்டர், கதிரியக்க டாக்டர் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள், நர்ஸ் பக்கத்தில் நின்றார். சர்ஜன் தன் நாற்காலியை இழுத்து அத்தைக்கு முன்னால் போட்டுக்கொண்டு, ஒரு தாளில் படம் வரைந்து, முதலில் ஆறு கீமோ, அப்புறம் ஆபரேஷன், அப்புறம் கரண்ட், ஊசி மருந்து மொத்தம் ஒரு வருஷம் என்று வரிசையாகச் சொன்னார். கீழே மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அந்தத் தாள் எங்கள் ஃபைலின் முதல் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. வெளியே வந்ததும் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏளா, என் ஒருத்திக்கா இத்தன டாக்டரு?" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஏன் இதை இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், என் அப்பாவுக்கு முன்பு வேறு ஒரு நோய்க்கு வேறு ஊரில் அலைந்தபோது ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஒரு டாக்டரிடமிருந்து இன்னொரு டாக்டரிடம் ஓடியது நான்தான். "அவர் என்ன சொன்னார்?" என்று இவர் கேட்பார், "இவர் என்ன சொன்னார்?" என்று அவர் கேட்பார், பாதி புரிந்ததைப் பாதி தப்பாகச் சொல்லி, கடைசியில் முடிவு யாருடையது என்றே தெரியாமல் போகும். படிப்பறிவு குறைந்த வீடுகளில் இது உயிர்ப் பிரச்சினை. டாக்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டியதை நோயாளியின் வீட்டார் சுமந்து திரியக் கூடாது. இந்த மருத்துவமனை அந்தச் சுமையை எங்கள் தலையிலிருந்து இறக்கி வைத்தது. நான் கொடுக்கிற மார்க்கில் பாதி இதற்கே.

இது ஏதோ வசதிக்காகச் செய்கிற ஏற்பாடு என்றும் நினைக்க வேண்டாம். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ பகுதியில் 1995ல் மார்பகப் புற்றுநோய்க்கு இந்தக் குழு முறையைக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன் அந்தப் பகுதியில் இந்த நோயால் இறந்தவர்கள் சுற்றுப்புறத்தைவிட அதிகம். கொண்டுவந்த பிறகு, குழு முறை இல்லாத பக்கத்துப் பகுதிகளைவிட 18 சதவீதம் குறைவு. 13,722 பெண்களின் விவரங்களை வைத்து 2012ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. மருந்தைப் பற்றிய ஆராய்ச்சி இல்லை அது, டாக்டர்கள் சேர்ந்து உட்கார்ந்ததைப் பற்றிய ஆராய்ச்சி. நம் நாட்டில் 2022ல் மட்டும் ஏறக்குறைய 1,92,000 பெண்களுக்குப் புதிதாக இந்த நோய் வந்திருக்கிறது என்று உலக அளவிலான மதிப்பீடு சொல்கிறது. இதில் எத்தனை பேருக்கு முதல் கத்திக்கு முன்னால் நாலு டாக்டராவது கூடிப் பேசியிருப்பார்கள் என்று நினைத்தாலே மனசு கனக்கிறது.

குழுவில் எனக்கு டாக்டர்களைவிட முக்கியமாகப் பட்டது அந்த நர்ஸ். நாகர்கோவில்காரர், வேலைக்காக மும்பை வந்தவர். குழுவுக்கும் நோயாளிக்கும் நடுவில் இருப்பதுதான் அவர் வேலை. ஒரே ஒரு போன் நம்பர். எந்தச் சந்தேகம் என்றாலும் அந்த நம்பர்தான், அவர் யாரிடம் கேட்க வேண்டுமோ கேட்டுவிட்டுத் திருப்பிக் கூப்பிடுவார். முதல் கீமோவுக்கு முன்பே எங்கள் சமையலறையில் என்ன இருக்கிறது, கழிப்பறை வீட்டுக்குள் இருக்கிறதா சாலுக்கு (வரிசையாக ஒற்றை அறை வீடுகள் இருக்கிற எங்கள் கட்டடத்துக்கு) பொதுவானதா, எத்தனை படி ஏற வேண்டும், மாடியில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். "அம்மா, பொதுக் கழிப்பறைக்குப் போனா வந்து சோப்புப் போட்டுக் கை கழுவணும், ஒரு தடவைகூட விடக்கூடாது, ரத்தத்துல வெள்ளணு குறையும்" என்று அத்தைக்குப் புரிகிற மாதிரி சொன்னார். கீமோவுக்கு முந்தின நாளிலிருந்து ஸ்டீராய்டு மாத்திரை உண்டு, அது சர்க்கரையைத் தூக்கிவிடும், அதனால் அந்த மூன்று நாளும் காலை மாலை விரலில் குத்திப் பார்த்து எண்ணை அனுப்பச் சொன்னார். முதல் தடவை 340 வந்தது. அரைமணி நேரத்தில் சர்க்கரை டாக்டரைக் கேட்டு இன்சுலின் அளவு சொன்னார். தனித்தனியாகப் போயிருந்தால் கீமோ டாக்டர் சர்க்கரையைப் பார்க்கமாட்டார், சர்க்கரை டாக்டருக்குக் கீமோ நடப்பதே தெரியாது.

இரண்டாவது கீமோவுக்கு ஒன்பதாம் நாள் ராத்திரி பதினொரு மணிக்கு அத்தைக்குக் குளிர் எடுத்தது. 101 டிகிரி. வீட்டில் ஆளாளுக்கு "ஒரு குரோசின் போடு, காலையில் பார்க்கலாம்" என்றார்கள். ஆனால் நர்ஸ் கொடுத்த சீட்டில் பெரிய எழுத்தில் தமிழிலேயே எழுதியிருந்தது: 100.4 தாண்டினால் மாத்திரை போட்டுக் காத்திருக்கக் கூடாது, உடனே வர வேண்டும். அந்த நேரத்தில் ஆட்டோ தயாராக இருந்தது, ஆனால் சயானுக்குத் தெற்கே ஆட்டோ போகாதே, டாக்சி பிடித்துப் போய்ச் சேர இருபத்தைந்து நிமிஷம். எமர்ஜென்சியில் நாங்கள் போகும்முன்பே அவர் போன் செய்திருந்தார். கார்டைக் காட்டியதும் ரத்தம் எடுத்து, ஆன்டிபயாடிக் ஏற்றிவிட்டார்கள். வெள்ளணு மிகவும் குறைந்திருந்தது. நாலு நாள் உள்ளே இருந்து வந்தார். அடுத்த கீமோவிலிருந்து வெள்ளணு ஏறுவதற்கு ஊசியும் சேர்த்தார்கள். அன்று காலை வரைக்கும் காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் யோசிக்கவே விரும்பவில்லை.

இன்னொன்று. கீமோ ஆரம்பிக்கும் முன் கட்டிக்குள் எள்ளளவு உலோகக் கிளிப் ஒன்று வைத்தார்கள். எதற்கென்று கேட்டதற்கு ரேடியாலஜிஸ்ட், "கட்டி கரைந்து போய்விட்டால் சர்ஜன் எங்கே தேடுவார்?" என்றார். அதே போல நாலாவது கீமோ முடியும்போது கையில் கட்டி தட்டுப்படவே இல்லை. ஆறும் முடிந்து, மறுபடி ஒரு செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் புதுப் படங்களைப் போட்டுப் பார்த்து, மார்பை எடுக்க வேண்டாம், கிளிப் இருக்கிற இடத்தை மட்டும் எடுத்து, அக்குள் கணுக்களையும் எடுக்கலாம் என்று முடிவானது. இதில் அத்தையின் விருப்பத்தையும் கேட்டார்கள். மகன் முன்னால் "வயசாயிட்டு, எடுத்தா என்ன" என்று சொன்னவர், நர்ஸிடம் தனியாக, "இருந்தா நல்லாருக்கும் மக்கா" என்று சொல்லியிருக்கிறார். அதை நர்ஸ் கூட்டத்தில் சொல்லியிருக்கிறார். 61 வயதுப் பெண்ணுக்கு அப்படி ஓர் ஆசை இருக்கக் கூடாதா என்ன? ஆபரேஷனில் எடுத்த சதையில் உயிரோடு புற்றுச் செல் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. அதற்குப் பிறகு கரண்ட் 15 நாள், சனி ஞாயிறு தவிர தினமும். முன்பெல்லாம் ஐந்து வாரம் வைப்பார்களாம், இப்போது மூன்று வாரத்திலேயே முடிக்கலாம் என்று நிரூபித்திருக்கிறார்களாம். தினமும் டாக்சிக்குக் கொடுக்கிறவர்களுக்கு அந்த இரண்டு வாரம் பெரிய விஷயம்.

பிசியோதெரபி பெண்ணை மறக்கக் கூடாது. ஆபரேஷன் முடிந்த மறுநாளே வந்து, சுவரில் விரலால் ஏறச் சொன்னார், சுவரில் பென்சிலால் கோடு போட்டு, நாளைக்கு இதற்கு மேலே என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டிலும் அதே. எங்கள் கதவு நிலையில் பதினேழு கோடு இருக்கிறது. கடைசிக் கோடு அத்தை துணி காயப்போடுகிற கொடியின் உயரம்.

இனி குறைகள். செவ்வாய்க்கிழமை ஓபிடியில் (வெளிநோயாளிப் பிரிவில்) காத்திருப்பு தாங்க முடியாது, பத்து மணி டோக்கனுக்கு இரண்டரை மணிக்குக் கூப்பிட்டதும் உண்டு, கீமோ எடுத்துக்கொண்டிருக்கிறவர்களை அவ்வளவு கூட்டத்தில் உட்கார வைப்பதும் சரியில்லை. குழு வாரத்துக்கு ஒருநாள்தான் கூடுகிறது, அதனால் ஒரு ரிப்போர்ட் புதன்கிழமை வந்தால் ஆறு நாள் வீணாகிறது. பில் கவுண்டர் இந்தக் குழுவில் சேரவே இல்லை. டாக்டர்கள் சேர்ந்து போட்ட திட்டத்தை இன்சூரன்ஸுக்கு எழுதி அனுப்புவதில் இரண்டு தடவை தப்பு செய்து, ஒரு ஊசி நாலு நாள் தள்ளிப்போனது. டயட்டீஷியன் கொடுத்த தாளில் ஜவார் பாக்ரியும் (சோள ரொட்டி) பருப்பும்தான் இருந்தது. அத்தைக்குக் கஞ்சியும் துவையலும்தான் இறங்கும், முட்டை சேர்த்து எப்படிச் சாப்பிடுவது என்று அப்புறம் நாங்களே கேட்டுத் தெரிந்துகொண்டோம். சம்மதப் படிவம் மராத்தி, இந்தி, ஆங்கிலத்தில் மட்டும்தான். தாராவி, அண்டாப்ஹில், செம்பூர் என்று இத்தனை தமிழர்கள் இருக்கிற ஊர். எங்களுக்குத் தமிழ் நர்ஸ் கிடைத்தது அதிர்ஷ்டம். அவர் லீவில் போன மூன்று வாரம் நாங்கள் தவித்தோம். குழு முறை என்று சொல்லிவிட்டு ஒரே ஒருவரை நம்பி நிற்பது நியாயமில்லை, இரண்டாவது ஆளை வைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

செலவு: கம்பெனி இன்சூரன்ஸ் மூன்று லட்சம் ஆபரேஷனுக்கு முன்பே தீர்ந்துவிட்டது. டிராஸ்டுசுமாப் விலைதான் பயமாக இருந்தது, ஆனால் பெங்களூரு பயோகான் கம்பெனி 2014ல் அதைப் போலவே வேலை செய்கிற விலை குறைந்த மருந்தைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு, மற்ற கம்பெனிகளும் செய்ய ஆரம்பித்து, இப்போது பல மடங்கு குறைந்திருக்கிறது. குழுவில் இருக்கிற சமூக சேவகர் ரேஷன் கார்டை வாங்கிப் பார்த்து, மகாராஷ்டிர அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டமான மகாத்மா ஜோதிராவ் புலே ஜன் ஆரோக்கிய யோஜனாவில் பதிவு செய்யச் சொல்லி, இரண்டு தடவை கூடவே வந்து நின்றார். மீதிக் கீமோவும் கரண்டும் அதில்தான் நடந்தன. இந்தச் சமூக சேவகரை முதல் வாரமே பார்த்துவிடுங்கள், நாங்கள் நாலு மாதம் கழித்துத்தான் பார்த்தோம், அதற்குள் என் வளையல் போய்விட்டது.

போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எந்த மருத்துவமனையாக இருந்தாலும் முதல் நாளே கேளுங்கள்: எங்கள் கேஸைக் குழுவில் வைப்பீர்களா, எந்தக் கிழமை, முடிவை எழுதிக் கொடுப்பீர்களா, ராத்திரியில் காய்ச்சல் வந்தால் யாருக்குப் போன் செய்ய வேண்டும்? இதற்கு முகம் சுளித்தால் வேறு இடம் பாருங்கள். அறிகுறியோடு போன நாளிலிருந்து 60 நாளுக்குள் நோய் என்னவென்று உறுதியாகிவிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், அதனால் பயாப்சிக்கும் குழுக் கூட்டத்துக்கும் பத்துப் பதினைந்து நாள் ஆனால் பயப்பட வேண்டியதில்லை. அதற்காக அத்தை மாதிரி இரண்டு மாதம் மறைத்தும் வைக்காதீர்கள். இதே மும்பையின் எளிய குடியிருப்புகளில் 1998லிருந்து ஒன்றரை லட்சம் பெண்களை வைத்து டாடா மெமோரியல் நடத்திய ஆராய்ச்சியில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கையால் பரிசோதித்ததிலேயே 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் இந்த நோயால் சாவது கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்தது. அத்தை சரியாகிற வரை நான் இதைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை. இப்போது எங்கள் சாலில் பதினொரு பெண்களைக் கூட்டிப்போய்ப் பரிசோதனை செய்து வந்திருக்கிறேன்.

ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன். அரை மார்க் காத்திருப்புக்கும் பில் கவுண்டருக்கும்.

அத்தைக்கு இன்னும் மூன்று டிராஸ்டுசுமாப் ஊசி பாக்கி. இதயத்தை அந்த மருந்து பாதிக்கலாம் என்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்கோ எடுக்கிறார்கள், இந்த வெள்ளிக்கிழமை அது. முடி சுருள் சுருளாக வளர்ந்திருக்கிறது, முன்பு நேராக இருந்த முடி. தினமும் காலையில் எண்ணெய் வைத்து அதைப் படிய வைக்கப் பார்க்கிறார், படிய மாட்டேன் என்கிறது.